பிராண்டு டொமைன்களை எங்கே விற்பது: தேர்வுச் சந்தையா, திறந்த சந்தையா?

விற்பதற்காக நான் பதிந்து வைத்திருக்கும் டொமைன் பெயர்களில் (இணையதள முகவரிகளில்) பெரும்பகுதியை இப்போது, பெயரைப் பார்த்துப் பிடித்ததை மட்டும் ஏற்கும் தேர்வுச் சந்தைகளில்தான் வைத்திருக்கிறேன். மீதி, எந்தப் பெயரையும் ஏற்றக்கூடிய திறந்த சந்தையில் கிடக்கிறது. சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் காரணத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் இது நஷ்டக் கணக்கு மாதிரிதான் தெரியும்.

முதலில், நான் பேசுவது பிராண்டு பெயர்களைப் பற்றி மட்டும். அகராதியில் பொருள் இல்லாத, ஆனால் வாயில் எளிதாக நுழைகிற, ஒரு நிறுவனம் தன் அடையாளமாக எடுத்துக்கொள்ளக்கூடிய பெயர்கள். ஆண்டர்சன் கன்சல்டிங் 2001 ஜனவரி 1 முதல் ஆக்சென்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டதே, அந்த ரகம். ஊர்ப் பெயரும் தொழில் பெயரும் சேர்ந்த டொமைன்கள், மூன்றெழுத்து டொமைன்கள் எல்லாம் வேறு வியாபாரம்.

தேர்வுச் சந்தை என்றால் பிராண்ட்பக்கெட், ஆட்டம், பிராண்ட்பா போன்றவை. ஆட்டம் என்பது முன்பு ஸ்க்வாட்ஹெல்ப் என்ற பெயரில் இருந்த தளம், 2024-இல் பெயர் மாறியது. (பெயர் விற்கிற கடையே பெயர் மாற்றிக்கொண்டது, அவர்கள் தொழிலுக்கு அவர்களே விளம்பரம்.) இங்கே நீங்கள் பெயரை அனுப்ப வேண்டும், அவர்கள் பார்த்து ஏற்பார்கள் அல்லது தள்ளுவார்கள். ஏற்றால் ஒரு லோகோ, விலை ஆலோசனை, துறைவாரியான வகைப்படுத்தல் எல்லாம் உண்டு. திறந்த சந்தை என்றால் ஆஃப்டர்னிக், சேடோ போன்றவை. எந்தப் பெயரையும் ஏற்றலாம், விலை நீங்களே போடலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு இடத்துக்கும் வரும் ஆட்கள் வேறு. திறந்த சந்தையில் விற்பது பெரும்பாலும் பெயரைத் தெரிந்துகொண்டு வருபவரிடம். அவர் மனதில் ஒரு பெயர் தோன்றியிருக்கும், ரெஜிஸ்ட்ரார் (டொமைன் பதிந்து தரும் நிறுவனம்) தளத்தின் தேடல் பெட்டியில் தட்டுவார், ‘இது விற்பனைக்கு உள்ளது’ என்று விலை வரும். ஆஃப்டர்னிக்கின் பலமே இதுதான், அதன் பட்டியல் கோடாடி உட்படப் பல ரெஜிஸ்ட்ரார்களின் தேடலில் தெரிகிறது. தேர்வுச் சந்தைக்கு வருபவரிடம் பெயரே இருக்காது. ‘நிதித்துறை, சின்னப் பெயர், நவீனமாகத் தொனிக்க வேண்டும்’ என்ற தேவை மட்டும் இருக்கும். நீங்களும் நானும் கற்பனையில் கோத்த ஓர் ஆறெழுத்துப் பெயர் இன்னொருவர் மூளையிலும் தானாக உதித்து, அதை அவர் தேடல் பெட்டியில் தட்டுவது எத்தனை முறை நடக்கும்? நடக்கும், ஆனால் அபூர்வம். புனைந்த பெயரை யாராவது கண்ணில் காட்டினால்தான் உண்டு.

சரி, கமிஷனுக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் இதை வேகமாகக் கடந்துவிடப் போகிறேன். ஆஃப்டர்னிக்கில் டொமைனின் நேம்சர்வரை (பெயரைத் தட்டுபவரை எந்தத் தளத்துக்கு அனுப்புவது என்று சொல்லும் அமைப்பை) அவர்கள் பக்கம் திருப்பினால் 15 சதவீதம், இல்லையென்றால் 25. தேர்வுச் சந்தைகளில் 30 சதவீதத்தையொட்டி என்று வைத்துக்கொள்ளலாம், சில இடங்களில் விலை ஏற ஏற விகிதம் இறங்கும், சில இடங்களில் பட்டியலிட ஒருமுறைக் கட்டணமும் உண்டு. பார்த்தவுடனே திறந்த சந்தைதான் மலிவு. ஆனால் இந்த விகிதங்களை நம்பி நெடுங்காலத் திட்டம் போட முடியாது. டான் டாட் காம் 9 சதவீதம்தான் வாங்கியது, டொமைன் விற்பவர்கள் கொண்டாடிய தளம். 2022-இல் கோடாடி அதை வாங்கியது, அப்புறம் டானில் இருந்த வியாபாரம் ஆஃப்டர்னிக்குக்குள் போய்விட்டது. அந்த 9 சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் மறுபடி உட்கார்ந்து போட வேண்டியதாயிற்று.

இந்தத் தொழிலில் உங்களைத் தின்பது ரினியூவல், அதாவது பெயரைக் கையில் வைத்திருக்க ஆண்டுதோறும் கட்டும் புதுப்பிப்புக் கட்டணம். கமிஷன் விற்றால் மட்டுமே போகும் பணம். ரினியூவல் விற்றாலும் விற்காவிட்டாலும் போகும்.

டாட் காமை நிர்வகிக்கும் வெரிசைன் ரெஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் மொத்த விலை பல ஆண்டுகள் 7.85 டாலரில் நின்றிருந்தது. 2021 செப்டம்பரில் 8.39 ஆனது, 2022-இல் 8.97, 2023-இல் 9.59, 2024 செப்டம்பரில் 10.26. மூன்றே ஆண்டில் சுமார் 30 சதவீத ஏற்றம். ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஆறாண்டுக் காலத்திலும் கடைசி நான்கு ஆண்டுகளில், ஆண்டுக்கு 7 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. இதன் மேல் ரெஜிஸ்ட்ராரின் லாபம் வேறு. எவ்வளவு மலிவான இடம் பார்த்தாலும் ஒரு டாட் காமைத் தாங்க ஆண்டுக்கு 11 டாலர் வரை ஆகிறது என்று கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. உங்களிடம் 100 பெயர்கள். ரினியூவல் 1,100 டாலர். ஆண்டுக்கு நூற்றில் ஒன்றோ இரண்டோ விற்கும் என்பதுதான் இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பாதுகாப்பாக ஒன்றையே எடுத்துக்கொள்வோம், 2,500 டாலருக்கு விற்றது என்றும் வைப்போம். திறந்த சந்தையில் 15 சதவீதம் போக 2,125 கையில், ரினியூவல் போக 1,025. தேர்வுச் சந்தையில் 30 சதவீதம் போக 1,750 கையில், ரினியூவல் போக 650. இங்கேயே பலர் கணக்கை மூடிவிடுகிறார்கள்.

மூடாமல் இன்னும் கொஞ்சம் போங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 375 டாலர். அது 34 பெயர்களின் ஓராண்டு ரினியூவல். தேர்வுச் சந்தைக்கு 100 பெயர்களையும் அனுப்பினால் நூறையும் ஏற்க மாட்டார்கள். நாற்பதைத் தள்ளினார்கள், தள்ளியதை நீங்களும் விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். மீதி 60 பெயருக்கு ரினியூவல் 660. அதே ஒரு விற்பனை, அதே 30 சதவீதக் கமிஷன், ஆனால் கையில் நிற்பது 1,090. திறந்த சந்தையின் 1,025-ஐத் தாண்டிவிட்டது. பட்டியல் கட்டணம் இருந்தால் முதலாண்டில் இந்த மிச்சத்தைத் தின்றுவிடும், உண்மை. ஆனால் அது ஒருமுறை, ரினியூவல் வருடாவருடம். விற்பனையே நடக்காத ஆண்டை நினைத்துப் பாருங்கள், அப்படி ஆண்டுகள் வரும். அப்போது ஒருவருக்கு 1,100 நஷ்டம், இன்னொருவருக்கு 660.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. அந்த நாற்பதை நானே கழித்துவிட்டு, மீதி அறுபதைத் திறந்த சந்தையில் வைத்தால் 1,465 நிற்குமே? நிற்கும். தன் பெயர்களைத் தானே கறாராகக் களையெடுக்க முடிந்தவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. ஆனால் காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. நாமே யோசித்துப் பதிந்த பெயர் அது, இந்த ஆண்டு போகாவிட்டால் அடுத்த ஆண்டு போகும் என்று 11 டாலர் கட்டிவிடுவோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் 11 டாலர் பெரிய தொகையாகத் தெரியாது, அதுதான் சிக்கலே. ‘இது வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு மூன்றாம் ஆள் தேவைப்படுகிறார். அதிகக் கமிஷனில் ஒரு பகுதியை நான் அந்த நிராகரிப்புக்குக் கொடுக்கும் கூலியாகவே பார்க்கிறேன்.

ஏற்றுக்கொண்ட பிறகும் இந்த உதவி தொடர்கிறது. தேர்வுச் சந்தையில் ஒரு பெயரை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விருப்பப் பட்டியலில் சேர்த்தார்கள் என்பதுபோல ஏதாவது ஒரு தடயம் பொதுவாகக் கிடைக்கும். திறந்த சந்தையில் புனைந்த பெயருக்கு ஓர் ஆண்டு முழுக்க மௌனம்தான். விலை அதிகமா, பெயர் மோசமா, யார் கண்ணிலும் படவே இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ரினியூவல் தேதி வரும்போது கையில் எந்தத் தகவலும் இல்லாமல் முடிவெடுக்க வேண்டும், அப்படி எடுக்கும் முடிவு பெரும்பாலும் ‘கட்டிவிடலாம்’ என்றே முடியும்.

தள்ளப்பட்ட பெயர் எல்லாம் குப்பை என்று சொல்லவில்லை. ஒரு சந்தை தள்ளியதை இன்னொன்று ஏற்பது சகஜம். ஏற்பவர்களும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் சீசனுக்கு ஒரு ரசனை. இரண்டு மூன்று இடங்களில் ஒரே பதில் வந்தால் மட்டும் விட்டுவிடுவது என் வழக்கம்.

லோகோ? வாங்குபவர் ஒரே திரையில் முப்பது பெயரை வரிசையாகப் பார்க்கும்போது கண்ணை நிறுத்த அது உதவுகிறது என்று நினைக்கிறேன். வாங்கிய பிறகு அதே லோகோவைப் பயன்படுத்துவார்களா என்பது வேறு கதை.

திறந்த சந்தை வெல்லும் இடங்களும் இருக்கின்றன. கிளவுட், நெஸ்ட் என்பதுபோல இரண்டு தெரிந்த சொற்களை ஒட்டிய பெயர்களை நான் அங்கேதான் வைக்கிறேன். அவற்றை யாரும் தற்செயலாக யோசித்துத் தட்ட வாய்ப்பு உண்டு, பெயரைத் தெரிந்து வருபவருக்குக் கடை அலங்காரம் தேவையில்லை. உங்கள் ரெஜிஸ்ட்ரார் ஆஃப்டர்னிக்கின் வேகப் பரிமாற்ற ஏற்பாட்டில் இருந்தால் பணம் கட்டியதும் டொமைன் தானாகவே மாறிவிடும், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி.

‘எங்களிடம் மட்டுமே விற்க வேண்டும்’ என்ற பிரத்யேக நிபந்தனையை மட்டும் கவனமாகப் படியுங்கள். பிராண்ட்பக்கெட் போன்ற இடங்களில் ஏற்ற பெயரை வேறெங்கும் விற்பனைக்கு வைக்கக் கூடாது, நேம்சர்வரும் அவர்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திறந்த சந்தையில் பழைய பட்டியல் ஒன்றை எடுக்காமல் விட்டு, அது அங்கே விற்றுவிட்டால் சங்கடம் உங்களுக்குத்தான். மறுபக்கம், பூட்டிவைத்த பெயரை வெளியே எடுக்கச் சில சந்தைகளில் குறைந்தபட்சக் காலமோ கட்டணமோ இருக்கும். திறந்த சந்தையில் இந்தத் தலைவலி இல்லை, ஒரே பெயரை ஒரே விலையில் ஆஃப்டர்னிக்கிலும் சேடோவிலும் வைக்கலாம்.

மூன்றாவது வழி, சொந்தமாக ஒரு விற்பனைப் பக்கம் வைத்து எஸ்க்ரோ டாட் காம் போன்ற, பெயர் கைமாறும் வரை பணத்தைப் பிடித்துவைக்கும் இடைநிலைச் சேவை மூலம் முடிப்பது. கமிஷன் மிகக் குறைவு. இதில் என் அனுபவம் மெலிது, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். பெயரை முகவரிப் பட்டியில் நேரடியாகத் தட்டி வருபவர் இருந்தால்தான் அந்தப் பக்கம் கண்ணில் படும், புனைந்த பெயருக்கு அது குறைவு என்பதுதான் என் தயக்கம். நேம்சர்வரைச் சொந்தப் பக்கத்துக்குத் திருப்பினால் ஆஃப்டர்னிக்கில் அந்த 15 சதவீதச் சலுகையும் போய்விடும். தவணை முறையில் விற்பதைப் பற்றியும் இதே தயக்கம்தான். தவணை நடுவில் நின்றால் பெயர் உங்களிடமே திரும்புகிறது, அதுவரை கட்டிய பணமும் உங்களுக்கு, ஆனால் அத்தனை மாதம் பெயர் வேறு யாருக்கும் கிடைக்காமல் முடங்கிக் கிடக்கும்.

டாட் காம் தவிர மற்றவற்றில் நான் சொன்ன கணக்கு இன்னும் கடுமையாகும். டாட் ஐஓவின் ரினியூவல் டாட் காமைவிடப் பல மடங்கு. டாட் ஏஐயைக் குறைந்தது இரண்டு ஆண்டுக்குப் பதிய வேண்டும். புதிய நீட்சிகள் (பெயரின் கடைசியில் வரும் டாட் காம் போன்ற பகுதிகள்) சிலவற்றில் பிரீமியம் பெயர்களுக்கு ரினியூவலும் ஆண்டுதோறும் பிரீமியம் விலையிலேயே வரும், மலிவான முதலாண்டுச் சலுகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கெல்லாம் தேர்வுச் சந்தையின் நிராகரிப்புக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

வணிக முத்திரை விஷயம் எந்தச் சந்தைக்கும் பொது. ஏற்கெனவே இருக்கும் பிராண்டை உரசும் பெயர் என்றால், 1999-இல் வந்த யுடிஆர்பி என்ற டொமைன் தகராறு தீர்வு நடைமுறையில் முத்திரை உரிமையாளர் அதைப் பிடுங்கிக்கொள்ள வழி உண்டு. பதியும் முன்பே தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

நடைமுறையில் நான் செய்வது இது. புதிதாகப் பதிந்த பெயரை முதல் வாரத்திலேயே தேர்வுச் சந்தைக்கு அனுப்பிவிடுவேன். பதிந்து 60 நாள் வரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாமல் போகலாம், ஆனால் பதில் வாங்க அது தடையில்லை. தள்ளினால் அடுத்த இடம். எல்லா இடத்திலும் தள்ளினால், இரண்டு சொல் பெயராக இருந்தால் மட்டும் திறந்த சந்தையில் ஓராண்டு, மற்றதுக்கு ரினியூவல் கிடையாது. தானியங்கி ரினியூவலை அணைத்தே வைத்திருப்பேன், காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பு பட்டியலைப் பார்த்து வேண்டியதை மட்டும் கட்டுவேன். மறதி உள்ளவர்களுக்கு இது ஆபத்து. காலாவதிக்குப் பிறகான சலுகைக் காலமும் தாண்டி 30 நாள் மீட்புக் காலத்துக்குள் போய்விட்டால், திரும்ப எடுக்கும் கட்டணம் சாதாரண ரினியூவலைப் போலப் பல மடங்கு. விடுவது என்று முடிவு செய்த பெயரை, காலாவதி தேதிக்கு முன்பே எல்லாச் சந்தைப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் யாரோ ஒருவர் அதற்குப் பணம் கட்டிவிடுவார், கொடுக்க உங்களிடம் பெயர் இருக்காது.