ஸ்ட்ரா வைத்துக் குரல் பயிற்சி: மூன்றாவது வருடத்தில் என் அனுபவம்

நாற்பது வயதுக்கு மேல் கர்நாடக சங்கீதத்தை மறுபடி கையில் எடுப்பவர்களுக்கு மேல் ஸ்தாயிதான், அதாவது உச்சத்தில் வரும் சுரங்கள்தான், தலைவலி. பல்லவிக்கு அடுத்த பகுதியான அனுபல்லவி மேலே ஏறினாலே முகவாய் தூக்கிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். எனக்கு மேல் காந்தாரத்தை ('க') தொடவே தம் கட்ட வேண்டியிருந்தது. ஸ்ட்ராவுக்குள் குரல் கொடுத்துப் பழக ஆரம்பித்து இப்போது மூன்றாவது வருடம். இன்று அதற்கடுத்த மத்யமத்தில் ('ம') நிம்மதியாக நிற்க முடிகிறது. பஞ்சமம் ('ப') நல்ல நாளில் வரும், மற்ற நாளில் வராது. அவ்வளவுதான் லாபம், ஆனால் தொண்டை வலி அறவே இல்லை.

இங்கோ டிட்ஸே என்ற அமெரிக்கக் குரல் விஞ்ஞானி பரவலாக்கிய முறை இது. ஸ்ட்ராவை உதட்டில் கவ்விக்கொண்டு, 'ஊ' என்று கீழிருந்து மேலே வழுக்கிப் போய் இறங்க வேண்டும். வெளியே போகும் வழி குறுகலாக இருப்பதால் காற்றின் அழுத்தம் கொஞ்சம் குரல்நாண்களுக்கு மேலேயே தேங்குகிறது. அதனால் நாண்கள் முட்டிக்கொள்ளும் வேகம் தணிகிறது. 5 கட்டை சுருதியில் (கட்டை எண் கூடக்கூட சுருதி உயரும்) மேல் ஷட்ஜம் ('ச') சுமார் 392 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை தடவை அவை சேர்ந்து பிரிகின்றன. அந்த இடத்தில் மூச்சை முட்டுக்கொடுத்துத் தள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க ஒரு வழி: பாடிக்கொண்டே ஸ்ட்ராவின் நுனியை விரலால் மூடுங்கள். சத்தம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மூக்கு வழியாகக் காற்று கசிகிறது. இன்னொன்று, தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை அமிழ்த்திப் பாடுவது. மேலே போகும்போதும் குமிழி ஒரே சீராக வர வேண்டும். தண்ணீர் தெறித்தால் தள்ளுகிறோம் என்று அர்த்தம். எனக்கு ரொம்பப் பயன்பட்டது இதுதான். காது ஏமாந்தாலும் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ்நாட்டில் 2019 முதலே பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. காகித ஸ்ட்ரா எச்சிலில் ஊறிப் பாதியிலேயே சப்பையாகிவிடும். ஸ்டீல் ஸ்ட்ராதான் சரி, ஆனால் கழுவும் பிரஷ்ஷோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். ரொம்ப மெல்லியதில் எடுத்தவுடனே ஆரம்பித்தால் மூச்சு திணறும். இளநீருக்குப் போடுவார்களே, அந்தக் கனத்தில் தொடங்குவது நல்லது.

பெண்களுக்கு 5, 5½ கட்டையில் மேல் ஷட்ஜத்தை ஒட்டித்தான் குரல் உடையும் இடமும் வருகிறது. அதைத் தாண்ட ஒன்று கத்துவோம், இல்லை கள்ளக்குரல் என்கிற மெல்லிய பொய்க்குரலுக்குத் தாவுவோம். ஸ்ட்ராவில் மெதுவாக வழுக்கிப் பழகியதில் அந்தப் பள்ளம் நிரவிக்கொண்டே வந்தது. முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ட்ராவை எடுத்துவிட்டு சாகித்யம், அதாவது பாட்டின் வரிகளைப் பாடினால் அது வேறு கதை. 'ஆ'வில் எட்டுகிற சுரம் 'ஈ'யில் நெரிபடும். வாயை இன்னும் கொஞ்சம் திறந்தால் வழிவிடுகிறது. அதனால் ஸ்ட்ரா, அப்புறம் 'ஆ' என்றே பாடும் அகாரம், அப்புறம்தான் வரிகள். என் பாட்டு டீச்சர் முதலில் சிரித்தார். "இதென்னம்மா, ஜூஸ் இல்லாத ஸ்ட்ரா?" என்றவர், கீழ் ஸ்தாயி வரிசைகளைக் காலையில் தாழ்ந்த குரலில் சாதகம் செய்யச் சொன்னார். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன என்று நினைக்கிறேன். சுருதியை 5½-இலிருந்து 5-க்கு இறக்கச் சொன்னதும் அவர்தான். அதில் உடனடியாகக் கிடைத்த சுகத்தை எந்த ஸ்ட்ராவும் தராது.

குடிக்கிற தண்ணீர் குரல்நாணில் படுவதில்லை, உணவுக்குழாயில்தான் போகிறது. பாடப் போகும்போது மடக்மடக்கென்று குடித்துப் பயனில்லை, நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். தொண்டையை மரக்கச் செய்யும் மிட்டாயைப் போட்டுக்கொண்டு மேல் ஸ்தாயி பழகாதீர்கள், வலி தெரியாமல் போய்விடும். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான், பயிற்சி இல்லை.

நவராத்திரி கொலுவில் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த எடுப்பில் 6 கட்டையில் ஆரம்பித்துவிடுவார். அங்கே மட்டும் நான் இன்னமும் பல்லவியோடு நின்று தாளம் போடுகிறேன்.