வேடம் கட்டும் அறையில்: இருக்கிற வெளிச்சமா, ஃபிளாஷா?

கோவையில் காஸ்ப்ளே விழா (கதை, சினிமாப் பாத்திரங்களாக வேடமிடும் விழா) என்றால் மேடையைவிட ஒப்பனை அறையில்தான் நல்ல படங்கள் கிடைக்கும். அங்கே எதை நம்பிப் போவது?

என் ஓட்டு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸுக்கும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அகலத் திறந்து வெளிச்சம் அதிகம் வாங்கும்) இருக்கிற வெளிச்சத்துக்கும்தான். ஃபோம் கவசத்தின் பசைத் தடம், பாதி வரைந்த புருவம், கண்ணாடியோரத்து விளக்கு எல்லாம் உள்ளபடி பதியும். முக்கியமாக, கான்டாக்ட் லென்ஸ் மாட்டுகிறவர் கண்ணில் பளீரென்று அடிக்க மாட்டோம்.

தொல்லைகளும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் 1/100 நொடியைவிட வேகமானால் படத்தில் பட்டை விழலாம். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் ஃபோகஸ் ஆழம் சுமார் 10 செ.மீ. மட்டுமே. கண் தெளியும், வேடத்தின் கொம்பு மங்கும். எஃப்/2.8 வைத்து ஆழத்தைக் கூட்டி, குறையும் வெளிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்வு) ஏற்றுங்கள், நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான கரகரப்பு) வந்தால் வரட்டும்.

ஃபிளாஷை நேராக அடித்தால் உலோக வண்ணக் கவசத்தில் வெள்ளைத் திட்டு விழும். தாழ்ந்த வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பினால் அருமை. வண்ணத் துணிப் பந்தலில் துணியின் நிறம் முகத்தில் ஏறிவிடும். ஆறேழு பேர் சேர்ந்து நிற்கும் குழுப்படத்துக்கு மட்டும் ஃபிளாஷ்தான் சரி.

எதுவானாலும், "எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்காமல் கேமராவைத் தூக்காதீங்க. உடை மாற்றும் பக்கம் லென்ஸே திரும்பக் கூடாது.