குளிசையைச் சேமித்து வைக்கலாமா? பார்க்கின்சனுக்கு எந்த மருந்தில் தொடங்குவது

பெரியப்பாவின் மேசை லாச்சியை ஒதுக்கும்போதுதான் அந்தக் கடுதாசி உறைகளைக் கண்டேன். பார்க்கின்சன் நோய்க்குக் கிளினிக்கில் கொடுத்த லெவோடோபா குளிசைகள் முக்கால்வாசி அப்படியே கிடந்தன. மூன்று மாதமாக நடை இறுகிக்கொண்டே போகிறது, சட்டைப் பொத்தான் பூட்ட ஆள் தேவைப்படுகிறது, மருந்து வேலை செய்யவில்லையோ என்று வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். மனுசன் நாளுக்கு ஒன்றுக்கு மேல் போடவேயில்லை.

கேட்டதற்கு, “இது கொஞ்ச வருசத்துக்குத்தான் கேக்குமாம். இப்பவே போட்டு முடிச்சால், படுக்கையில விழுந்த பிறகு என்னத்தைப் போடுறது?” என்றார்.

வயது 71. கோண்டாவிலில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சிக்கனமாக வாழ்ந்த மனிதர் மருந்தையும் சிக்கனமாகப் பாவிக்கப் பார்த்திருக்கிறார். அதே கிழமையில் கனடாவிலிருந்து மச்சாள் தொலைபேசியில், “லெவோடோபாவை இப்ப தொடங்க விடாதேங்கோ, முதல் ரோபினிரோல் மாதிரி ஒண்டைக் கேளுங்கோ” என்றாள். பக்கத்து வீட்டு மாமி தன் பங்குக்கு, பூனைக்காலி விதைத் தூளைப் பாலில் கலந்து கொடுத்தால் போதும் என்றார். மூன்று பேரும் அன்பில்தான் சொன்னார்கள். எது சரி என்று பார்க்க நான் வாசித்தவற்றையும் வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இன்னும் பல வீடுகளில் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் மூளைக்குள் நடப்பது. நடு மூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு கரிய பட்டை இருக்கிறது. அங்குள்ள நரம்புக் கலங்கள்தான், அசைவைச் சீராக்கும் பகுதிக்கு டோபமின் என்ற, செய்தி கடத்தும் இரசாயனத்தை அனுப்புகின்றன. பார்க்கின்சனில் இந்தக் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. கை நடுங்கி நாம் வைத்தியரிடம் ஓடும் நேரத்துக்குள் பாதியளவு போய்விட்டிருக்கும். மிஞ்சிய கலங்களுக்குள் ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் திரண்டு உருண்டைகளாகக் கிடக்கும். 1912 இல் இவற்றை விவரித்தவர் லூயி என்பதால் லூயி பொதிகள் என்று பெயர். அவற்றின் முக்கியப் பொருள் இந்தப் புரதம்தான் என்பது 1997 இல் தெரியவந்தது. ஹைக்கோ பிராக் என்ற ஜெர்மானியரின் குழு 2003 இல் இன்னொன்றைச் சொன்னது: இந்தத் திரள்வு பலரில் மணம் அறியும் பகுதியிலும் மூளைத் தண்டின் கீழ்ப்பகுதியிலும் தொடங்கி மேலே ஏறுகிறது. நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மணம் தெரியாமல் போவதையும் மலச்சிக்கலையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். பெரியம்மா இதைக் கேட்டவுடன், “கருவாடு கருகினாலும் இவருக்குத் தெரியிறேல்லை எண்டு எத்தனை வருசமாச் சொன்னனான்” என்றார்.

இன்று கையிலுள்ள மருந்துகள் எதுவும் இந்தப் புரதத் திரள்வை நிறுத்துவதாக நிரூபிக்கப்படவில்லை. அதைக் குறிவைத்த சின்பனெமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் 2022 இல் வெளியான சோதனையில் பலன் காட்டவில்லை. ஆகவே நாம் ஒப்பிடுவது நோயை எது மாற்றும் என்பதை அல்ல. குறைந்துபோன டோபமினை எது நன்றாக ஈடு செய்கிறது, அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைத்தான்.

லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாகவே மாறும் பொருள். ஆர்விட் கார்ல்சன் 1957 இல், டோபமினை வற்றச் செய்யும் ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப் போன முயல்களுக்கு இதை ஊசியாக ஏற்ற, அவை எழுந்து ஓடின. அந்த ரெசர்பின் நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்தது. 1960 இல் வியன்னாவில் ஹோர்னிகேவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றிக் கிடப்பதைக் காட்டினார். 1967 இல் கோட்சியாஸ் சிறிது சிறிதாகக் கூட்டி அதிக அளவில் வாய்வழியாகக் கொடுத்தபோதுதான் இது நடைமுறைச் சிகிச்சையானது. பின்னர் கார்பிடோபாவைச் சேர்த்தார்கள். மூளைக்குப் போய்ச் சேருமுன் லெவோடோபா உடலில் வீணாவதை அது தடுக்கிறது, குமட்டலும் குறைகிறது.

சரி, பெரியப்பாவின் பயத்துக்கு வருவோம். அது வெறும் கற்பனை அல்ல. சில ஆண்டுகள் போக, பலருக்கு ஒரு வேளைக் குளிசை அடுத்த வேளை வரை தாங்காது. சிலருக்கு உடம்பு தானாக நெளியத் தொடங்கும். கேள்வி என்னவென்றால், இதற்குக் காரணம் மருந்தா, நோயா?

எங்கள் வளவுகளில் கிணற்றடித் தொட்டி இருக்குமே, அதை நினைத்துப் பாருங்கள். பம்ப் கொஞ்ச நேரம் ஓடினாலும், தொட்டி நிறைந்திருந்தால் நாள் முழுக்கத் தண்ணீர் சீராக வரும். உயிரோடிருக்கும் நரம்புக் கலங்கள்தான் அந்தத் தொட்டி. லெவோடோபா இரத்தத்தில் ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். தொடக்கத்தில் அது நமக்குத் தெரிவதில்லை, கலங்கள் வாங்கிச் சேமித்து அளந்து விடுகின்றன. கலங்கள் அழிய அழியத் தொட்டி சிறுக்கிறது. கடைசியில் பம்ப் ஓடும்போது வெள்ளம், நின்றால் வறட்சி. பம்பைப் போடாமல் வைத்திருந்தால் தொட்டி சிறுக்காமல் இருக்குமா? இருக்காது.

இதை மனிதர்களிலேயே பார்த்திருக்கிறார்கள். 2014 இல் வெளியான ஓர் ஆய்வு, கானாவின் நோயாளிகளையும் இத்தாலியின் நோயாளிகளையும் ஒப்பிட்டது. கானாவில் மருந்து எளிதில் கிடைக்காததால், நோய் தொடங்கிச் சராசரியாக 4 ஆண்டுகளுக்குப் பிறகே லெவோடோபா தொடங்கினார்கள். இத்தாலியில் அது 2 ஆண்டுகளுக்குச் சற்று மேல். பிந்தித் தொடங்கியவர்களுக்கு நெளிவும் பிந்தி வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. இரு நாட்டிலும் நோய் தொடங்கி ஏறக்குறைய அதே அளவு ஆண்டுகளில்தான் வந்தது. எத்தனை ஆண்டு மருந்து போட்டார்கள் என்பதைவிட, நோய்க்கு எத்தனை வயது, ஒரு நாளைய அளவு எவ்வளவு என்பவைதான் தீர்மானித்தன. பிறகு 2019 இல் நெதர்லாந்தில் 445 பேரிடம் செய்த சோதனையில் பாதிப் பேருக்கு உடனேயும் மீதிப் பேருக்கு 40 வாரம் தாமதித்தும் லெவோடோபா தொடங்கினார்கள். 80 வாரம் முடிய இரு பகுதிக்கும் வித்தியாசம் இல்லை. முந்திப் போட்டதால் நோய் தணியவுமில்லை, கூடவுமில்லை. ஆனால் தாமதித்தவர்கள் காத்திருந்த காலத்தை இறுகிய உடம்போடு கழித்தார்கள். பெரியப்பாவின் மூன்று மாதமும் அப்படித்தான் போனது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் நோகிறது.

மச்சாள் சொன்ன ரோபினிரோல், பிரமிபெக்சோல் எல்லாம் டோபமின் அகோனிஸ்ட் வகை. இவை டோபமினாக மாறுவதில்லை, டோபமின் போய்ச் சேரும் இடத்தில் தாமே போய் உட்கார்ந்து வேலை செய்யும். உடலில் கூடுதல் நேரம் தங்கும். அவள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 2000 இல் வந்த 5 ஆண்டுச் சோதனையில் ரோபினிரோலில் தொடங்கியவர்களில் 20 சதவீதத்துக்கு நெளிவு வந்தது, லெவோடோபாவில் தொடங்கியவர்களில் 45 சதவீதத்துக்கு. பெரிய வித்தியாசம்தான். ஆனால் அசைவு மேம்பட்ட அளவில் லெவோடோபாவே முன்னால் நின்றது.

அப்புறம் பக்கவிளைவுகள். கால் வீக்கம், பகலில் திடீரென்று கண் அயர்ந்துபோதல், இல்லாத ஆளைக் காணுதல். இன்னொன்றை வீடுகளில் யாரும் வெளியே சொல்வதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். சூதாட்டம், கண்டபடி செலவு, அடங்காத பாலியல் நாட்டம் போன்றவை இந்த மருந்துகளால் வரலாம். 2010 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் அகோனிஸ்ட் எடுப்பவர்களில் 17 சதவீதத்திடம் இப்படிப்பட்ட கட்டுப்பாடு இழப்பு இருந்தது, எடுக்காதவர்களில் சுமார் 7 சதவீதம். ஒழுங்காக வாழ்ந்த மனிதர் திடீரென்று லொத்தர் சீட்டாக வாங்கிக் குவித்தால் அது குணக்கேடு அல்ல, மருந்தாக இருக்கலாம். வைத்தியரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். மருந்தை மாற்ற அது பெரும்பாலும் அடங்கும்.

எனக்கு முடிவைத் தந்தது பிரித்தானியாவின் 1,620 பேர் சோதனை, 2014 இல் வெளியானது. லெவோடோபா, அகோனிஸ்ட், இன்னும் ரசகிலின், செலிஜிலின் போன்ற மாவோ-பி தடுப்பிகள் (மூளையில் டோபமின் சிதைவதைக் குறைப்பவை) என்று தொடங்கியவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். நடமாட்டத்தில் லெவோடோபாப் பகுதி சிறிதளவு மேல். பக்கவிளைவால் மருந்தைக் கைவிட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அகோனிஸ்டில் 28 சதவீதம், மாவோ-பி தடுப்பியில் 23, லெவோடோபாவில் 2. 71 வயதுக்காரருக்கு நான் வேறெதைத் தேர்வேன்? 45 வயதில் நோய் வந்தவருக்கு என்றால் கணக்கு வேறு. இள வயதில் நெளிவு சீக்கிரம் வரும், அவர்கள் அகோனிஸ்ட் பற்றி வைத்தியரோடு பேசுவதில் நியாயமிருக்கிறது. மச்சாள் கேள்விப்பட்டதும் அப்படி ஒருவரின் கதையாகத்தான் இருக்கும்.

நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்செக்சோல் என்ற பழைய மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை: வயதானவர்களுக்கு அது மறதியையும் குழப்பத்தையும் கொண்டுவரும். ஏற்கெனவே எடுப்பவர்கள் வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள்.

பூனைக்காலியைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை. அந்த விதைக்குள் இருப்பது லெவோடோபாவேதான். சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 1937 இலேயே அதைப் பிரித்தெடுத்தார்கள், உலகம் அதைப் பார்க்கின்சனுக்குப் பாவிக்கும் முன்பே. 2004 இல் லண்டனில் 8 நோயாளிகளுக்கு விதைத் தூளைக் கொடுத்துப் பார்த்தபோது குளிசையைவிட விரைவாக வேலை செய்தது, கூடுதல் நேரம் நின்றது. ஆனால் அது 30 கிராம் வரை ஒற்றை வேளையாகக் கொடுத்து, அந்த வேளையின் பலனை மட்டும் பார்த்தது. பின்னர் 14 பேரிடம் செய்த 16 வாரச் சோதனையில் தூளை எடுத்த காலத்தில் 7 பேர் இடையில் நிறுத்திவிட்டார்கள், வயிற்றுக் கோளாறாலும் அசைவு மோசமானதாலும். தூளில் கார்பிடோபா இல்லை, அதனால் அளவு பல மடங்கு வேண்டும். விதைக்கு விதை லெவோடோபாவின் அளவும் மாறும். இவற்றைவிட ஆபத்து, குளிசையோடு சேர்த்து யாருக்கும் சொல்லாமல் தூளும் குடிப்பது. ஒரே மருந்து இரண்டு வழியால் போகிறது. இரத்த அழுத்தம் விழும், பிரமை வரும், வைத்தியருக்குக் காரணம் பிடிபடாது. சித்த முறையில்தான் போக விருப்பமென்றால் படித்த சித்த வைத்தியரிடம் போங்கள். கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே அதைக் கற்பிக்கிறது. இரு பக்கத்துக்கும் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

லெவோடோபாவை எடுப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. மீன், முட்டை, பருப்பிலுள்ள புரதம் குடலிலும் மூளை வாசலிலும் அதோடு போட்டி போடும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பாவது போட வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையையும் தள்ளிப் போட வேண்டும். கார்பிடோபா நாளுக்கு 75 மில்லிகிராம் அளவாவது போனால்தான் குமட்டல் அடங்கும். லெவோடோபா 250 க்கு கார்பிடோபா 25 என்ற குளிசையைப் பாதியாக்கி மூன்று வேளை போட்டால் 37.5 தான் போகும். 100 க்கு 25 என்பதை மூன்று வேளை போட்டால் 75. குமட்டுகிறது என்று விட்டுவிடுமுன் எந்தக் குளிசை என்று பாருங்கள். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட் கொடுக்க வந்தால் பார்க்கின்சன் இருக்கிறது என்று சொல்லுங்கள், அது டோபமினின் வேலையையே தடுக்கும். திடீரென்று முற்றாக நிறுத்துவது உயிராபத்து. 2022 மருந்துத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, உறை முடிய ஒரு கிழமை இருக்கும்போதே அடுத்ததற்கு ஓடுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

பெரியப்பாவிடம் தொட்டிக் கணக்கைச் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தார். பிறகு வைத்தியர் சொன்னபடி மூன்று வேளையும் போடத் தொடங்கினார். காலை 6.30 க்குக் குளிசை, 7.15 க்கு இடியப்பமும் சொதியும், மீன் மத்தியானத்துக்கு. போட்ட நேரம், உடம்பு இளகிய நேரம், மீண்டும் இறுகிய நேரம் என்று ஒரு கொப்பியில் தானே எழுதுகிறார். அடுத்த கிளினிக்குக்கு அதையும் கொண்டுபோவோம். நேற்றைய பக்கத்தில் 10.40 க்கு நேரே, “செவ்வரத்தைக்குத் தண்ணி விட்டேன், வாளி நானே தூக்கினேன்” என்று இருந்தது. எழுத்து சின்னதுதான், ஆனால் வாசிக்கலாம்.