காவிரிக் குழாயா, போரா, ஆர்ஓவா, கேனா: கஞ்சி காய்ச்ச எந்தத் தண்ணீர்?

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் எங்கள் வீடு. வீட்டுக்குள் எந்நேரமும் மூன்று விதத் தண்ணீர் இருக்கும். நாலு நாளைக்கு ஒரு தடவை தெருக்குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர் நீல டிரம்மில். போர் தண்ணீர் மாடித் தொட்டியில். சமையலறை மூலையில் ஒரு கேன். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு ஆர்ஓ மெஷினில் ஒரு குடம் பிடித்துக்கொள்வோம்.

போன கோடையில் தங்கை எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, பாப்பாவுக்கு எந்தத் தண்ணியில கஞ்சி காய்ச்சட்டும்?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்து, பல்லில் பழுப்புக் கோடு வாங்கிய எனக்கே தெரியவில்லை என்பது உறுத்தியது. அதற்கப்புறம் ஒவ்வொரு தண்ணீராக எடுத்து விசாரித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டது இது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரால் வரும் கேடு இரண்டு வகை. கிருமி இன்று உள்ளே போனால் ஓரிரு நாளில் வயிற்றுப்போக்கு, ஒன்றிரண்டு வாரத்தில் டைபாய்டு, இன்னும் தாமதமாக மஞ்சள் காமாலை. இரண்டாவது ஃபுளோரைடு, பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் ஒரு உப்பு. அது அப்படி அவசரப்படாது. நிறம், மணம், ருசி எதிலும் காட்டிக்கொடுக்காமல் வருடக்கணக்கில் சேர்ந்து, பல்லிலும் முட்டியிலும் இடுப்பிலும் ஒருநாள் தெரியும். கிருமியைக் கொல்லும் வழி ஃபுளோரைடைத் தொடாது. ஃபுளோரைடை எடுக்கும் மெஷினிலிருந்து பிடித்த தண்ணீரிலும் அழுக்குக் கையால் கிருமி சேரும். "எது நல்ல தண்ணி?" என்று மொத்தமாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருவது இதனால்தான்.

ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோயின் பாதிப்பைக் குறைப்பதற்காகவே வந்த திட்டம். அதன் முழுப்பெயரிலேயே அது இருக்கிறது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கொடுத்த கடனையும் சேர்த்து 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டினார்கள். 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் திறந்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் 3 நகராட்சிகளுக்கும் 17 பேரூராட்சிகளுக்கும் ஆயிரக்கணக்கான குக்கிராமங்களுக்கும் காவிரி வந்தது. ஆற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் குழாய்க்கு முதல் இடம் கொடுக்கிறேன்.

சுத்திகரித்து அனுப்பும் தண்ணீர் எங்கள் டிரம்முக்கு வந்து சேர்வதற்குள் என்ன ஆகிறது என்பதுதான் கவலை. எங்கள் தெருவில் குழாய்கள் எல்லாமே குழிக்குள் இருக்கின்றன. மேலே ஏற அழுத்தம் போதாது என்று ரோட்டு மட்டத்துக்குக் கீழே இரண்டடி தோண்டி இறக்கியிருக்கிறார்கள். மழை பெய்தால் அந்தக் குழியில் சாக்கடைத் தண்ணீர் நிற்கும். தண்ணீர் வரும்போது பிரச்சினை இல்லை, உள்ளிருந்து வெளியே தள்ளும். நிறுத்தியதும் குழாய் காலியாகி, வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினால் இந்த இழுப்பு இன்னும் பலமாக இருக்கும். விரிசல், தேய்ந்த வாஷர், மூடாத முனை என்று வழி கிடைக்கிற இடத்தில் எல்லாம் குழித் தண்ணீர் உள்ளே போகும். அடுத்த முறை திறக்கும்போது முதலில் வருவது அதுதான். அதனால் முதல் ஐந்து நிமிடத் தண்ணீரைத் துணி துவைக்கும் வாளியில் பிடித்துவிட்டு, அப்புறம்தான் குடிக்கும் டிரம்மில் ட்யூபைப் போடுகிறோம். ட்யூபைக் குழிக்குள் கிடக்கவிடாமல் சுருட்டி ஆணியில் மாட்டுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

குளோரின் வாசம் வந்தால் அம்மா "மருந்து வாடை" என்று முகம் சுளிப்பார். எனக்கு அந்த வாடை வந்தால்தான் நிம்மதி. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இன்படி, குளோரின் கலந்து விடும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். வழியில் கலந்த அழுக்கோடு மல்லுக்கட்டிய பிறகும் மருந்து மீதி இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஆனால் டிரம்மில் நாலு நாள் வைத்திருக்கும் தண்ணீரில் அந்த மீதியும் போய்விடும். அதில் பிள்ளைகள் சொம்பை விட்டுக் கையோடு மொண்டால் முதல் நாள் சுத்தமாக இருந்த தண்ணீர் மூன்றாம் நாள் அப்படி இருக்காது.

இவற்றையெல்லாம்விட எனக்கு வலிப்பது இன்னொன்று. காவிரி வரத்து குறையும் நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்துவிடுகிறார்கள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர் மறைக்காமல் சொன்னார்: "வரத்து கம்மிண்ணா. போரையும் சேத்துத்தான் ஏத்தறோம்." காவிரியில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், போரில் 3 மில்லிகிராம் ஃபுளோரைடு என்று வைத்துக்கொண்டால், பாதிக்குப் பாதி கலந்ததும் 1.65 ஆகிவிடும். தரத்தின்படி 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். எதற்காக இத்தனை கோடி செலவில் திட்டம் வந்ததோ, அது தொட்டியிலேயே வீணாகிறது.

போர் தண்ணீர்

எங்கள் பக்கத்துப் பாறையில்தான் விஷயம் இருக்கிறது. கிரானைட்டிலும் அதைச் சேர்ந்த பாறைகளிலும் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் உண்டு. தண்ணீர் எவ்வளவு காலம் பாறை இடுக்கில் தங்குகிறதோ அவ்வளவு கரைத்துக்கொள்ளும். தாத்தா காலத்தில் நாற்பது, ஐம்பதடிக் கிணறு. அதில் மழைத் தண்ணீர் சீக்கிரம் வந்து சேர்ந்தது. இப்போது எண்ணூறு, ஆயிரம் அடி என்று இறங்குகிறோம். மேலே வருவது நெடுங்காலம் பாறைக்குள் கிடந்த தண்ணீர்.

இதில் ஒரு தவறான நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. "எங்க போர்ல பருப்பு நல்லா வேகும், சோப்பு நுரைக்கும், அது நல்ல தண்ணி" என்பார்கள். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிவதும் பருப்பு வேகாததும் கால்சியம், மக்னீசியம் அதிகம் என்பதற்கான அடையாளம். ஃபுளோரைடுக்கு அது அடையாளமே இல்லை. கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். கால்சியம் குறைந்த, சோடா கலந்த மாதிரியான மென்மையான தண்ணீரில்தான் ஃபுளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். பருப்பு வேகிற போரைத்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம். போட்டோகிராபர் சிரிக்கச் சொல்லித்தான் எடுத்தார். நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் அந்தக் கோட்டைப் போடுகிறது. பிறகு எந்தப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. குளிக்க, துவைக்க, செடிக்கு விட போர் தண்ணீரைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பரிசோதிக்காமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

ஆர்ஓ மெஷின்

போர் மட்டுமே உள்ள வீட்டுக்கு இது தேவைதான். நன்றாக வேலை செய்யும் மெம்பரேன் (மெஷினுக்குள் இருக்கும் வடிகட்டிச் சவ்வு) ஃபுளோரைடின் பெரும்பகுதியை எடுத்துவிடும். கேண்டில் ஃபில்டர், யூவி, கரி ஃபில்டர் எதை வாங்கினாலும் அதை நம்பி ஃபுளோரைடுத் தண்ணீரைக் குடிக்க முடியாது.

ஆனால் விற்கிற விதம் சரியில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த விற்பனையாளர் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்தார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை உள்ளே விட்டுக் கரண்ட் கொடுத்தார். ஒரே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் துருப்பிடித்த சேறு மாதிரி ஆனது, அவர் தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. அம்மா பதறிப்போனார். நான் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகைக் கல்லுப்பைப் போட்டு மறுபடி கரண்ட் கொடுக்கச் சொன்னேன். அதுவும் பழுப்பாகிவிட்டது. அந்தச் சேறு தண்ணீரில் இருந்து வரவில்லை, இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்பு உள்ள தண்ணீரில் கரண்ட் பாயும், கம்பி கரையும். உப்பே இல்லாத தண்ணீரில் பாயாது. அவ்வளவுதான்.

அவர் காட்டிய டிடிஎஸ் மீட்டரும் அதே மாதிரிதான். மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். 300 காட்டும் தண்ணீரில் கிருமி இருக்கலாம், ஃபுளோரைடு 2 மில்லிகிராம் இருக்கலாம். மீட்டர் அதைப் பிரித்துச் சொல்லாது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பல மெஷின்களில் ருசிக்காக "டிடிஎஸ் கண்ட்ரோலர்" என்று ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்துவைத்தால் மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீர் கொஞ்சம் கலந்து வரும், ஃபுளோரைடும் கூடவே வரும். எங்கள் மாதிரி ஊரில் அதை முழுக்க மூடிவிடச் சொல்லுங்கள். உள்ளே போகும் தண்ணீர் 900, வெளியே 60 என்று மீட்டரில் குறித்து வையுங்கள். வெளியே வருவது ஏறிக்கொண்டே போனால் மெம்பரேன் முடிந்தது.

காவிரி மட்டுமே ஒழுங்காக வரும் வீட்டுக்கு ஆர்ஓ வேண்டியதில்லை. டிடிஎஸ் 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-இல் உத்தரவிட்டது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் வெளியேறுகிறது. நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும் ஊரில் அதைச் சாக்கடையில் விட மனம் வருமா? பக்கத்து வீட்டு அக்கா வாளியில் பிடித்து வீடு துடைக்கிறார், மாடிப்படி கழுவுகிறார்.

கேன்

கேன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 20 லிட்டர் எங்கள் தெருவில் 35 ரூபாய். தினம் ஒன்று என்றால் மாதம் ஆயிரத்துக்கு மேல். மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா, ஐஎஸ் 14543 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் காலி கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியில் பாருங்கள். ஒரு தடவை எங்கள் கேனின் உள்பக்க மடிப்பில் பச்சையாகப் பாசி ஒட்டியிருந்தது. வெயிலில் லோடு ஆட்டோவில் பாதி நாள் நின்ற கேனையும் வாங்காதீர்கள்.

கொதிக்க வைப்பது

குழாய்த் தண்ணீருக்கு இதைவிட நம்பகமான துணை இல்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி செத்துவிடும். ஆனால் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, ஆவியான தண்ணீரின் அளவுக்குக் கொஞ்சம் கெட்டியாகவே ஆகும். காய்ச்சிய தண்ணீர்தானே என்று நோயாளிக்கும் குழந்தைக்கும் கொடுக்கும் நல்ல மனசுக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினம் 10 லிட்டர் கொதிக்க வைக்க ஏறக்குறைய 110 கிராம் கேஸ் போகும். மாதத்துக்கு ஒரு சிலிண்டரில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கேன் செலவுக்குப் பக்கத்தில் கூட வராது. கொதித்த தண்ணீரைப் பாத்திரம் மாற்றாமல் மூடி ஆறவிட்டு, நீளக் காம்புக் கரண்டியில் எடுத்தால் போதும்.

குடிப்பது மட்டும் போதாது

எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் குடிக்கக் கேன், சமைக்கப் போர். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஒரு நாள் அம்மா சமைப்பதைக் கவனித்தேன். அரிசி ஊறவைக்க, உலை வைக்க, பருப்புக்கு, குழம்புக்குப் புளி கரைக்க, ராகிக் களி கிண்ட, டீ போட என்று குடிப்பதற்கு ஈடாகச் சமையலிலும் தண்ணீர் வயிற்றுக்குள் போகிறது. களியிலும் சோற்றிலும் ஊற்றிய தண்ணீரை வடிப்பதே இல்லை. அதிலிருந்த ஃபுளோரைடு முழுக்கச் சாப்பாட்டிலேயே நிற்கிறது. 35 ரூபாய் கொடுத்துக் கேனில் தவிர்த்ததைத் தட்டில் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம். நல்ல தண்ணீர் அளவாகத்தான் இருக்கிறது என்றால் முதலில் குழந்தைகளின் குடிதண்ணீர், அடுத்து களி, சோறு, பருப்பு, டீ. காய் கழுவவும் பாத்திரம் தேய்க்கவும் போர் போதும்.

மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு கிடையாது. அறுநூறு சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டு, மாடியைக் கூட்டிச் சுத்தம் செய்து, மூடிய தொட்டியில் பிடித்தால் சமையலுக்கு அருமையான தண்ணீர். காய்ச்சிக் குடிக்கவும் செய்யலாம்.

இப்போது எங்கள் வீட்டு வரிசை இப்படி: காவிரி மட்டும் வரும் நாளில் பிடித்துக் காய்ச்சியது முதலில், அதற்கடுத்து மழைத் தண்ணீர், அதுவும் தீர்ந்தால் பக்கத்து வீட்டு ஆர்ஓ, கடைசியாகக் கேன். போர் மாடியோடு சரி. அந்தப் போரை ஒரு முறையாவது குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துப் பாருங்கள். ஃபுளோரைடோடு நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். செப்டிக் டேங்க் பக்கத்தில் உள்ள போர்களில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

காவிரி எது, கலப்பு எது என்று கண்டுபிடிக்க விற்பனையாளர் காட்டிய அதே மீட்டர்தான் உதவுகிறது. எங்கள் குழாயில் காவிரி மட்டும் வந்தால் 300-ஐ ஒட்டி நிற்கும், போர் கலந்தால் 700-ஐத் தாண்டும். பிடித்ததும் பார்த்து, 300 என்றால் அந்த டிரம்மில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுகிறோம். டிரம்முக்கு அடியில் குழாய் வைத்துவிட்டதால் சொம்பு உள்ளே போவதில்லை. தங்கையிடமும் அதையே சொல்லியிருக்கிறேன்: வட்டம் போட்ட டிரம்மில் பிடி, ஒரு நிமிஷம் தளதளன்னு கொதிக்கவிடு, அதுல மாவைக் கரை.