பயோகிரிட்டும் ஸ்ட்ரிங்கும்: ஆறு வருடப் பழக்கத்தில் கண்டது

எந்தப் புரதம் எதோடு ஒட்டுகிறது, எந்த இரண்டு மரபணுக்களைச் சேர்த்து முடக்கினால் செல் செத்துப்போகிறது என்று பார்க்க ஆறு வருடமாக நான் முதலில் திறப்பது பயோகிரிட். 2003-ல் ஈஸ்ட் தரவுகளோடு தொடங்கிய தளம். கட்டுரைகளை ஆட்கள் படித்து, சோதனை முடிவுகளை ஒவ்வொன்றாகப் பதிகிறார்கள். முழுத் தரவையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கட்டுரை இருப்பது. பிஆர்சிஏ1 – பார்டு1 என்ற புரத ஜோடியைத் தேடிப் பாருங்கள். 1996-ல் ஈஸ்ட் டூ-ஹைபிரிட் முறையில் (இரண்டு புரதங்கள் ஒட்டுகின்றனவா என்று ஈஸ்ட் செல்லுக்குள் வைத்துப் பார்ப்பது) சிக்கிய ஜோடி இது. பயோகிரிட்டில் இதற்குப் பல வரிகள் வரும்: எது தூண்டில் (துணையைப் பிடிக்கப் போட்ட புரதம்), எது சிக்கியது, எந்த முறை, கட்டுரையின் பப்மெட் பட்டியல் எண் என்ன என்று எல்லாம் இருக்கும். வெவ்வேறு முறைகள் ஒரே ஜோடியைக் காட்டினால்தான் எனக்கு நம்பிக்கை வரும். சிக்கியவற்றை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் மட்டும், அதுவும் ஒரே ஒரு கட்டுரையில் வந்தது என்றால் நிதானிப்பேன். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் ரைபோசோம் புரதங்களும் எந்தத் தூண்டிலிலும் ஒட்டிக்கொண்டு வரும். கெரட்டின் நம் தோலிலிருந்தே வந்திருக்கலாம்.

ஸ்ட்ரிங் என்ற இன்னொரு புரதத் தொடர்புத் தளம் வேறு மாதிரி. சோதனை முடிவு மட்டுமல்ல, இரண்டு பெயர்களும் கட்டுரைகளில் சேர்ந்து வருவதைக்கூடக் கணக்கில் எடுக்கும். அதில் 0.9 மதிப்பெண் என்றால் இறுக்கமாக ஒட்டுகிறது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஒட்டும் வலு அல்ல. அப்படி ஒரு தொடர்பு இருக்கிறது என்பதில் உள்ள நம்பிக்கையின் அளவு. குறைந்தபட்ச மதிப்பெண்ணை இயல்பாக வரும் 0.4-லேயே விட்டால், புரதங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் படம் நூல்கண்டு மாதிரி சிக்கிக்கிடக்கும். நான் 0.7-க்கு ஏற்றி, பெயர்கள் சேர்ந்து வரும் உரைத்தேடல் சான்றை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன்.

அப்புறம் ஒன்று: இறக்கிய கோப்பை விரிதாளில் அப்படியே திறக்காதீர்கள். மார்ச்1 என்ற மரபணுப் பெயர் மார்ச் 1-ஆம் தேதியாகிவிடும். இப்படி இரண்டு வாரப் பகுப்பாய்வை நான் திரும்பச் செய்தேன். 2020-ல் இத்தகைய பெயர்களையே மாற்றிவிட்டார்கள். ஆனால் பழைய கோப்புகளில் பழைய பெயர்தான் இருக்கும்.

மனதை உறுத்துவது, படத்தில் கோடு இல்லாத இடங்கள். புற்றுநோயைத் தடுக்கும் டிபி53-ஐச் சுற்றி அத்தனை கோடுகள் இருப்பதற்கு அதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருப்பதும் ஒரு காரணம். நான் பார்க்கும் புரதத்துக்கு மூன்றே வரிகள். அதற்குத் துணை குறைவு என்று சொல்ல முடியாது. யாரும் தேடிப் பார்க்காமலும் இருந்திருக்கலாம். மாதந்தோறும் பயோகிரிட்டின் புதிய பதிப்பு வந்ததும் முதலில் அந்தப் பெயரைத்தான் தட்டிப் பார்க்கிறேன்.