ஒரே பொடியா, இரண்டு டப்பாவா, வறுத்தரைப்பா? எல்லைக் கடை ருசிக்கான மசாலா அலசல்

செங்கோட்டை, புளியரை, களியக்காவிளை, குமுளி என்று கேரள எல்லையில் எந்த ஊர்க் கடையில் கோழிக்கறி சாப்பிட்டாலும், அதே ருசி வீட்டில் வராதா என்ற ஏக்கம் வரும். சாமானில் குறை இருப்பதில்லை. மசாலாவை எப்படிச் சேர்த்து வைக்கிறோம், எந்த நேரத்தில் சட்டியில் போடுகிறோம் என்பதில்தான் வீட்டுக்கும் கடைக்கும் வழி பிரிகிறது. இந்தப் பக்கம் புழக்கத்தில் இருப்பது மூன்று வழி: எல்லாவற்றையும் வறுத்து மில்லில் திரிக்கும் ஒரே கறிமசால் பொடி, கரம் மசாலாவைத் தனியாக வைத்து, மல்லிப்பொடியை அன்றன்று வறுக்கும் கேரள முறை (இதுதான் இரண்டு டப்பா வழி), தேங்காயோடு வறுத்தரைப்பது.

முதலில் ஒரே பொடி. கொத்தமல்லி 500 கிராம், வத்தல் என்கிற காய்ந்த மிளகாய் 250 கிராம் (பாதி காரத்துக்கு நீட்டு வத்தல், பாதி நிறத்துக்குக் காஷ்மீரி), பெருஞ்சீரகம் 75, சீரகம் 50, நல்லமிளகு (குறுமிளகு) 50, விரலி மஞ்சள் 30, பட்டை 15, கிராம்பு, ஏலம், கல்பாசி மூன்றும் எட்டெட்டு கிராம். கூட்டினால் ஒரு கிலோவை ஒட்டி வரும். வத்தலை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்தாலே போதும். கொத்தமல்லியோடு ஒரே சட்டியில் போட்டால் மல்லி வறுபடும் முன்பே வத்தல் கருகிவிடும். மல்லி வறுபட்டதை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்துங்கள். பட்டென்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. கல்பாசியை வெறுமனே வறுத்தால் வாசனை வராது. மண்ணும் மரப்பட்டைத் துண்டும் போகப் பொறுக்கிவிட்டு, அரை ஸ்பூன் எண்ணெயில் புரட்டி எடுங்கள்; அப்போதுதான் அதன் மணம் எழும். கசகசாவை இந்தப் பொடியில் சேர்க்கவே வேண்டாம். அதிலுள்ள எண்ணெய் சிக்குப் பிடித்து மொத்தப் பொடியையும் கெடுத்துவிடும்.

மில்லிலிருந்து வரும் பொடி கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் வேர்த்து, அந்த நீர் பொடியில் இறங்கிக் கட்டி தட்டும், பிறகு பூஞ்சை பிடிக்கும். பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டே எடுத்து வையுங்கள். இன்னொன்று, உங்களுக்கு முன்னால் யாராவது அரிசிமாவோ வெறும் வத்தலோ திரித்திருந்தால், முதலில் விழும் ஒரு பிடியைத் தனியே வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது வழியில் கரம் மசாலா தனி. நூறு கிராமுக்கு அளவு: பெருஞ்சீரகம் 40, பட்டை 20, ஏலம் 15, கிராம்பு 10, தக்கோலம் என்கிற அன்னாசிப்பூ 8, சாதிபத்திரி 5, சாதிக்காய் 2. மல்லியும் வத்தலும் இதில் கிடையாது. பெருஞ்சீரகம்தான் இதன் முதுகெலும்பு. வடக்கத்திக் கரம் மசாலாவிலிருந்து கேரளத்துப் பொடி விலகி நிற்பது இங்கேதான். மீதி எதையும் கை போன போக்கில் கூட்டாதீர்கள். தக்கோலம் கூடினால் கறி மருந்துக்கடை வாசம் அடிக்கும். கிராம்பு கூடினால் நாக்கு மரத்துப்போகும், சாதிக்காய் கூடினால் கசக்கும். இந்தச் சாமான்களை வறுக்கவும் கூடாது. கனமான சட்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே இரண்டு நிமிடம் புரட்டினால் மொறுமொறுப்பாகும். ஆறியதும் மிக்சியில் பத்து வினாடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி பத்து வினாடி. ஒரே மூச்சில் ஓட்டினால் ஜார் சூடாகும், அந்தச் சூட்டில் ஏலத்தின் மணம் பறந்துவிடும். சாதிக்காயை முழுசாகப் போடாமல் அம்மியில் தட்டியோ துருவியோ போடுங்கள்.

ஒரு கிலோ கோழிக்கு மல்லிப்பொடி 3 மேசைக்கரண்டி, காஷ்மீரி வத்தல்பொடி 1 மேசைக்கரண்டி, கார வத்தல்பொடி 1 தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி. மல்லிப்பொடியை மட்டும் இரும்புச்சட்டியில் சிறு தீயில் நாலைந்து நிமிடம் கை எடுக்காமல் கிளறுங்கள். பச்சை வாடை போய், நிறம் நல்ல தவிட்டு நிறத்துக்கு இறங்கும். புகை வந்துவிட்டால் அந்தத் தவணை வீண், கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது; அந்தக் கசப்பைத் தேங்காய்ப்பாலால்கூட மறைக்க முடியாது. அடுப்பை அணைத்த பிறகு வத்தல்பொடியும் மஞ்சளும் சேர்த்துப் புரட்டி, கால் கப் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். வதங்கிய உள்ளியில் (வெங்காயத்தில்) அந்தக் குழைவைப் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து சிவக்கும் வரை வதக்க வேண்டும். வத்தலின் சிவப்பு எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. கடைக்கறியின் மேலே மிதக்கும் சிவப்பு அங்கிருந்துதான் வருகிறது. வீட்டில் அது வராததற்குக் காரணம் இரண்டு: எண்ணெயில் கஞ்சம், எண்ணெய் பிரியும் முன்பே தண்ணீர் ஊற்றும் அவசரம்.

கரம் மசாலா ஒன்றரைத் தேக்கரண்டி. பாதியை உள்ளியோடு போட்டு, மீதியைக் கறி வெந்து இறக்கும் நேரத்தில் தூவி மூடுங்கள்.

இப்போது இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே பொடியில் ஒரு கிலோ கறிக்கு சுமார் 32 கிராம், அதாவது தலைதட்டி ஐந்து மேசைக்கரண்டி பிடிக்கும். அதற்குள் பட்டை, கிராம்பு, ஏலம் மூன்றும் சேர்ந்து ஒரு கிராம் வரும். தனிக் கரம் மசாலாவில் ஒன்றரைத் தேக்கரண்டி என்பது மூன்று கிராம். அதில் இந்த மூன்றும் ஒன்றே கால் கிராமுக்குச் சற்று மேலே. இரண்டிலும் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒரே பொடியில் அந்த ஒரு கிராமும் முதலிலேயே சட்டிக்குள் போய் நாற்பது நிமிடம் கொதிக்கிறது, அதன் மணம் ஆவியோடு அடுக்களைக்குப் போய்விடுகிறது. தனியாக வைத்தால் பாதி மணமாவது தட்டுக்கு வந்து சேரும். டப்பாவிலும் இதே கதைதான். மல்லியும் வத்தலும் ஐந்தாறு மாதம் தாங்கும். பொடித்த ஏலமும் சாதிபத்திரியும் இரண்டு மாதத்தில் மங்கிவிடும். இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்தால், மூன்றாம் மாதம் உங்களிடம் இருப்பது காரமுள்ள மல்லிப்பொடி மட்டும்தான்.

அதற்காக ஒரே பொடியைத் தள்ளிவிட வேண்டாம். பரோட்டா சால்னாவுக்கு அதை அடிக்க ஆளில்லை. சால்னா நீர்த்து, நெடுநேரம் கொதிக்கிற பண்டம். அதற்கு மணத்தைவிட உடம்பு முக்கியம். நூறு பேர் பந்திக்கும் அதுவே சரி, கரண்டிக்கணக்கு தவறாது. மாட்டுக்கறிக்கும் தொடக்கத்தில் இந்தப் பொடியைப் போட்டு, கடைசியில் நல்லமிளகும் அரைத் தேக்கரண்டி கரம் மசாலாவும் தூவினால் இரண்டு வழியின் பலனும் கிடைக்கும். குடம்புளி போட்ட மீன்கறி வேறு கணக்கு, அதில் கறிமசால் பொடி, கரம் மசாலா இரண்டு டப்பாவையும் திறக்கவே கூடாது.

மூன்றாவது, வறுத்தரைப்பு. செங்கோட்டையும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதியும் 1956 நவம்பர் 1 வரை கேரளப் பக்கத்தோடு இருந்த மண். எல்லைக்கு இரண்டு பக்கமும் இந்த ருசிக்கு ஒரே நாக்குதான். ருசியில் மூன்றிலும் இதுவே மேல் என்று தயங்காமல் சொல்லலாம். வேலையும் மூன்றிலும் இதற்கே அதிகம்.

ஒரு கிலோ கோழிக்குப் பெரிய தேங்காயில் ஒரு மூடி. துருவல் ஒரே சீராக இருக்க வேண்டும். நீளமும் பொடியுமாகக் கலந்திருந்தால் பொடி கருகி, நீளம் வெள்ளையாகவே நிற்கும். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சிறு தீயில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும், ஈரம்தான் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே பொறுமை இழந்து தீயைக் கூட்டுபவர்களுக்குத்தான் கறி கசக்கிறது. பொன்னிறம் தாண்டும்போது ஐந்து சின்ன உள்ளி, ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகம், ஒரு கொத்து கறிவேப்பிலை. கருப்பட்டி நிறம் வந்ததும் அணைத்து, மல்லிப்பொடி, வத்தல்பொடி, மஞ்சளை மேலே சொன்ன அளவில் அந்தச் சூட்டிலேயே புரட்டுங்கள். உடனே அகலத் தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியில் விட்டால் அதன் சூட்டிலேயே இன்னும் ஒரு படி கறுக்கும்.

அரைப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் தேங்காய் மரத்தூள் மாதிரி திப்பி திப்பியாக நிற்கும், எவ்வளவு ஓட்டினாலும் மையாகாது. முதலில் தண்ணீர் இல்லாமல் ஓட்டுங்கள். தூளாகி, பிறகு ஜாரின் ஓரத்தில் ஒட்டி, கடைசியில் தானே எண்ணெய் விட்டு இளகிக் குழம்பு போல வழியும். அதற்குப் பிறகு இரண்டு கரண்டி வெந்நீர். அந்த விழுதைக் கறி முக்கால் வேக்காடு வந்ததும் சேர்த்துப் பத்து நிமிடம் மட்டும் கொதிக்கவிட வேண்டும். இங்கேயும் கடைசித் தூவலுக்கு முக்கால் தேக்கரண்டி கரம் மசாலா வேண்டும், அதனால் இந்த வழிக்குப் போகிறவர்களுக்கும் அந்தச் சின்ன டப்பா தேவை.

சாமான் வாங்கும்போது ஏலத்துக்குப் பணத்தைப் பார்க்காதீர்கள். போடிநாயக்கனூரிலும் அந்தப் பக்கம் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. தேனிப் பக்கத்துக் கடைகளில் நல்ல காய் கிடைக்கும். ஒரு காயை உடைத்தால் விதை கறுப்பாக, விரலில் ஒட்ட வேண்டும். வெளிறிய விதை என்றால் முற்றாத காய். கிராம்பில் மொட்டுத் தலை உதிராமல் இருக்க வேண்டும், நகத்தால் கீறினால் எண்ணெய் கசிய வேண்டும். கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாறாமலைப் பக்கத்துக் காய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். பட்டையில் விலை கூடிய மெல்லிய சுருள் பட்டை வேண்டியதில்லை. தடித்த சாதாப் பட்டையின் காட்டமான மணம்தான் கடைக்கறியில் இருப்பது.

தினசரிச் சமையலுக்கு இரண்டு டப்பா வழியை எடுத்துக்கொள்ளுங்கள், கரம் மசாலாவை ஐம்பது கிராமுக்கு மேல் ஒரு தடவையில் பொடிக்காதீர்கள். கண்ணாடிப் பாட்டில், அடுப்பிலிருந்து தள்ளிய இடம், ஈரமில்லாத ஸ்பூன். கொதிக்கிற சட்டிக்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஆவி உள்ளே ஏறிப் பொடி ஒரே வாரத்தில் கட்டிபோடும். ஞாயிற்றுக்கிழமை வறுத்தரைப்புக்குச் சனிக்கிழமையே தேங்காயை வறுத்து, தண்ணீர் சேர்க்காத விழுதாக ஓட்டி, ஃப்ரிட்ஜில் வைக்கலாம். இரண்டு நாள் தாங்கும். தண்ணீர் விட்டு அரைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.