காளவாசல் பெண்கள் தேர்தல் பயிற்சி முகாம்: 300 ரூபாய்க்குத் தகுமா?

உள்ளாட்சித் தேர்தலில் நிற்க நினைக்கும் பெண்களுக்கு என்று சொல்லி, மதுரை காளவாசல் பக்கம் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி முகாம் நடந்தது. போய்விட்டு வந்தேன். நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம். பெயர் போடவில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன், அவர்களோடு வம்பு வளர்க்கும் எண்ணமும் எனக்கு இல்லை. கட்டணம் 300 ரூபாய். அதற்கு இரண்டு நாள் மதியச் சாப்பாடு, டீ, ஒரு கையேடு, ஒரு துணிப்பை. எங்கள் மகளிர் குழுவில் மூன்று பேர் பணம் கட்டினோம், போய்ச் சேர்ந்தது நான் மட்டும். ஒருத்திக்கு நூறு நாள் வேலை விழுந்துவிட்டது, இன்னொருத்தியின் மாமியாருக்குக் காய்ச்சல். பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டேன், தர மாட்டார்களாம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எந்தக் கண்ணால் பார்த்தேன் என்பது புரியும். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் 200 ரூபாய் டெபாசிட் கட்டி வார்டு உறுப்பினருக்கு நின்றேன், 17 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். 2025 ஜனவரியில் எங்கள் பதவிக்காலம் முடிந்து ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனது. அடுத்த முறை தலைவர் பதவிக்கு நின்றால் என்ன என்று ஒரு யோசனை, வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. ஆக, ஒன்றும் தெரியாமலும் போகவில்லை, எல்லாம் தெரிந்தும் போகவில்லை.

முதல் நாளே சொதப்பல். பதிவுப் படிவத்தில் என் கைபேசி எண்ணுக்குக் கீழே ‘கணவர் அல்லது பொறுப்பாளர் எண்’ என்று ஒரு கட்டம் இருந்தது. சரி, அவசரத்துக்குக் கேட்கிறார்கள் போல என்று நிரப்பிக் கொடுத்தேன். முந்தின நாள் இரவு மண்டபத்தை மாற்றிவிட்டார்கள், அந்தத் தகவலை அந்தக் கட்டத்தில் இருந்த எண்ணுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், விடியற்காலையில் பரவை மார்க்கெட்டுக்குப் போய்விட்டார், அந்தச் செய்தியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் பழைய மண்டபத்து வாசலில் நின்று வாட்ச்மேனிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். என்னோடு இன்னும் நாலு பெண்கள். புது இடத்தைக் கண்டுபிடித்து உள்ளே போகும்போது முக்கால் மணி நேரம் போயிருந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த பேனரில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘உன் குரல் உன் உரிமை’. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வார்டு உறுப்பினராக இருந்த ஐந்து வருடமும் இதே கதைதான். கூட்டம் என்றால் வீட்டுக்காரருக்குப் போன் வரும், குடிநீர்க் குழாய் உடைந்தால் அவருக்குப் போன் வரும். அலுவலகத்து ஆட்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்க வந்தவர்களும் அதே எண்ணைத்தான் அழுத்துகிறார்கள்.

முற்பகல் முழுக்கச் சட்டம். பேச வந்தவர் நல்ல மனுஷர், ஆனால் திரையில் எல்லாம் ஆங்கிலம், அதையே பார்த்துப் பார்த்து வாசித்தார். ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது, 243ஈ பிரிவு ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் கொடுக்கச் சொல்கிறது, தமிழ்நாட்டில் 2016இல் சட்டம் திருத்தி அதைப் பாதியாக உயர்த்தினார்கள். இவ்வளவையும் பத்து நிமிடத்தில் தமிழில் சொல்லியிருக்கலாம். ஒன்றரை மணி நேரம் ஆனது. என் பக்கத்தில் இருந்த அக்கா இரண்டு தடவை தூங்கி விழுந்தார்.

அதைவிடப் பெரிய கோளாறு, மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று 2023இல் வந்த மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, “அடுத்த சட்டமன்றத்துலயே உங்கள்ல ஒருத்தர் உட்காரலாம், 234ல 78 உங்களுக்குத்தான்” என்று சொல்லி எல்லாரையும் கை தட்ட வைத்துவிட்டார். பின்வரிசையில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, “சார், சட்டம் வந்ததுக்கு அப்புறம் எடுக்கிற முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், அதை வச்சுத் தொகுதி மறுவரையறையும் முடிஞ்சாத்தான் அமலுக்கு வரும்னு அந்தச் சட்டத்துலயே எழுதியிருக்கே” என்றாள். மனுஷர் கொஞ்சம் தடுமாறி, “ஆமாம், அதுவும் இருக்கு” என்றார். ‘அதுவும் இருக்கு’ என்று சொல்லிக் கடந்து போகிற விஷயமா அது? 1996இல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா, 2010இல் மாநிலங்களவையில் நிறைவேறி மக்களவையில் நின்றுபோய், 2023 செப்டம்பரில்தான் மக்களவையில் 454 பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு என்று நிறைவேறியது. 27 வருடம் காத்திருந்தவர்களிடம் இன்னும் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 பேரில் ஜெயித்த பெண்கள் 12 பேர், அந்தக் கணக்கை யாரும் எழுதிக் காட்டவில்லை.

ஒரு நல்லது சொல்கிறேன். இடையில் ஒரு இளம்பெண் கே.பி. ஜானகி அம்மாளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். நாடக மேடையில் பாடி நடித்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியில் நின்று ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனவர். மதுரையிலேயே பிறந்து வளர்ந்த பத்துப் பதினைந்து பேர் அங்கே இருந்தார்கள், பாதிப் பேருக்கு அந்தப் பெயரே புதுசு. அந்த ஐந்து நிமிடத்தை அரை மணி நேரமாக ஆக்கியிருந்தால் நான் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

சாப்பாடு: முதல் நாள் தக்காளி சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு. நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் எலுமிச்சை சாதம், சுமார். அறுபது பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதிலும் தாழ்ப்பாள் சரியில்லை, ஒருத்தர் போனால் இன்னொருத்தர் வெளியே காவல். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம் ஏதும் இல்லை. செல்லம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள், ஜன்னல் கம்பியில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டு, ஒரு காலால் ஆட்டிக்கொண்டே இரண்டு நாளும் குறிப்பு எடுத்தாள். என்னைக் கேட்டால் அந்த மண்டபத்தில் தலைவர் ஆகிற தகுதி அவளுக்குத்தான் அதிகம்.

முதல் நாள் மதியத்துக்கு மேல் வந்தவர்தான் கொடுத்த காசை மீட்டுக் கொடுத்தார். ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. மைக் வேண்டாம் என்று ஓரமாக வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்தார். தெருவிளக்குக்கு பல்பு வாங்கியதாக ஒரு ரசீது, அவரே தயார் பண்ணியது. 40 பல்பு என்று போட்டிருந்தது. கூடவே அந்தக் கற்பனை ஊரின் வரைபடம். “இதுல என்ன தப்பு, கண்டுபிடிங்க” என்றார். நாங்கள் எல்லாம் ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறதா, தேதி சரியா, கூட்டல் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். படிக்கத் தெரியாத ஒரு ஆத்தா படத்தில் விரல் வைத்து ஒவ்வொரு கம்பமாக எண்ணிவிட்டு, “ஏம்மா, ஊர்ல இருக்குறதே 22 கம்பம்தானே, மிச்ச பல்ப எங்க மாட்டுனாங்க?” என்று கேட்டதும் மண்டபமே சிரித்தது. அந்த அம்மா, “இதுக்குப் பேருதான் தணிக்கை” என்றார்.

அப்புறம் ஊராட்சிக் கணக்குகளை விளக்கினார். ஒன்றாம் நம்பர் கணக்கு பொது நிதி, இரண்டாம் நம்பர் மின் கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும், காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கிராம சபைக்கு எத்தனை பேர் வந்தால் செல்லும் என்பதை விரல் விட்டுச் சொல்ல வைத்தார்: 500 பேர் உள்ள ஊர் வரை 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் போனால் 300. ஐந்து வருடம் உறுப்பினராக இருந்த எனக்கு இதில் பாதி தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

தீர்மானப் புத்தகத்துக்கு வந்தபோது எனக்குப் பகீர் என்றது. “மேல இடம் விட்டு வச்சு, கீழ கையெழுத்துப் போடச் சொன்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டார். நான் எத்தனை தடவை அப்படிப் போட்டிருக்கிறேன். “நீங்க போட்டுட்டுப் போங்கக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் எழுதிக்கிறேன்” என்பார்கள், நானும் போட்டுவிட்டு வருவேன். தப்பாக ஏதும் எழுதினார்கள் என்று சொல்ல வரவில்லை, என்ன எழுதினார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அந்த அம்மா சொன்ன வழி ரொம்பச் சின்னது. கடைசி வரிக்கு அடியில் ஒரு கோடு இழு, அந்தக் கோட்டை ஒட்டிக் கையெழுத்துப் போடு, போட்டதும் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள். யாரும் கோபித்தால், “பயிற்சியில இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க” என்று எங்கள் மேல் பழியைப் போடு. நாற்காலியைச் சட்டம் கொடுத்துவிட்டது, பேனாவை எப்படிப் பிடிப்பது என்று இத்தனை வருடம் கழித்து ஒரு ஆள் சொல்லிக் கொடுத்தார். இதை நான் ஜெயித்த மறுவாரமே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மாதிரித் தேர்தல். ஊரகத்தில் ஒரு ஆளுக்கு நாலு ஓட்டு: வார்டு, தலைவர், ஒன்றியம், மாவட்டம். நாலு சீட்டைக் குத்தி, மடித்து, பெட்டியில் போடும் வரை செய்து பார்த்தோம். செல்லாத ஓட்டு எப்படி விழுகிறது என்பதை நேரில் பார்த்தால்தான் வாக்காளருக்கு விளக்கச் சொல்ல வரும், அந்த வகையில் உபயோகம். மேடைப் பேச்சுப் பயிற்சி வீண், எல்லாரையும் ஒரே மாதிரி ‘வீறுகொண்டு எழு’ என்று கத்த வைத்தார்கள்.

சாதியைப் பற்றிப் பேச ஒதுக்கிய நேரம் பத்து நிமிடம். எங்கள் பக்கம்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996இலிருந்து பத்து வருடம், தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டதற்காகத் தேர்தலையே நடத்தவிடாமல் வைத்திருந்த ஊர்கள், 2006இல்தான் ஒழுங்காக நடந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், பெரியவர்கள் அதைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுவது நினைவிருக்கிறது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஒரு பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படத்தை நாடே பார்த்தது. அந்த அறுபது பேரில் தனித் தொகுதியில் நிற்கப் போகிறவர்கள் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். நாற்காலி தர மறுத்தால் யாரிடம் புகார் கொடுப்பது, எந்தச் சட்டத்தில் கொடுப்பது என்று ஒரு வரி இல்லை. கையேட்டிலும் தேடினேன், இல்லை. கேட்டதற்கு, “அது சென்சிட்டிவான விஷயம் மேடம்” என்று பதில். அதனால்தானே கேட்கிறேன்?

முடிக்கிற நேரத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து மணி என்று போட்டுவிட்டு, சான்றிதழ், சால்வை, போட்டோ என்று ஆறே முக்கால் ஆக்கிவிட்டார்கள். எனக்கு உசிலம்பட்டி பஸ் உண்டு, அங்கிருந்து ஊருக்குப் போகும் டவுன் பஸ்தான் போய்விட்டது, வீட்டுக்காரர் ஆட்டோவில் வந்து கூட்டிப் போனார். மேலூர்ப் பக்கம் உள்கிராமத்திலிருந்து வந்த பிள்ளைகள் சான்றிதழ் வாங்காமலே மாட்டுத்தாவணிக்கு ஓடினார்கள்.

ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டு கணக்கு சொல்லிக் கொடுத்த அம்மாவுக்கு. அடுத்த முகாமுக்குப் போகிறவர்கள் முதல் நாள் மதியத்துக்குப் போனாலே போதும், பொறுப்பாளர் எண் என்ற கட்டத்திலும் உங்கள் எண்ணையே எழுதிவிடுங்கள்.

கடைசியில் கருத்துப் படிவம் எதுவும் தரவில்லை, போனில் கேட்போம் என்றார்கள். நாலு நாள் கழித்துக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: “அந்தப் பயிற்சிக்காரங்க கூப்பிட்டாங்க. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்.”